அந்த வரிக்கு மட்டும் இருமல்

அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கண்ணாடியக்காவுக்கு இருமல் வந்துவிடும்.

ஞாயிறு ஆராதனையில் சபை எழுந்து நின்று, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும். அக்காவின் குரல்தான் அதில் முன்னால் போகும். அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கிற இடம்வரை ஒரு பிசிறு இருக்காது. அடுத்தது மன்னிப்பு வரி. நாங்கள் பிறரை மன்னிக்கிறோம், அதேபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம். அதற்கு வாயைத் திறந்தாளோ இல்லையோ, லொக்கு லொக்கென்று தொடங்கிவிடும். வரி முடிந்ததும் இருமலும் நின்றுவிடும். அதற்கடுத்த வரிக்குக் குரல் பழையபடி கணீரென்று கிளம்பும்.

அக்காவுக்குக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை. அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். பொறுமைசாலி, அதைவிடப் பெரிய கிண்டல்காரர். ஞாயிறென்றால் சட்டைப்பையில் ஓர் இருமல் மிட்டாயோடுதான் வருவார். அந்த வரி நெருங்கும்போதே தாளைப் பிரித்து அவள் பக்கம் நீட்டுவார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எதுக்கு?"

"வரி பாத்து வர்ற இருமலுக்கு மருந்து இருக்கான்னு கேக்கத்தான்."

"என் தம்பிக்கு மருந்து இருக்கான்னு கேளுங்க. அவன் சரியானா இருமல் தானா சரியாயிடும்."

தம்பி என்றால் கூடப்பிறந்த ஒரே தம்பி, கடையில் அவளோடு கண்ணாடி தூக்கியவன். கடைத்தெருவில் அவனுக்கு 'இதோ' என்று பெயர். எங்கே இருக்கிறாய் என்று போனில் யார் கேட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பான். அப்போது குளித்திருக்கக்கூட மாட்டான். அது போகட்டும், சொன்ன நேரத்துக்கு வராதவன் உலகத்தில் இவன் ஒருவன்தானா? அக்காவின் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு.

பெரிய கண்ணாடியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தூக்குவார்கள். ஒருவருக்குப் பிடி தளர்ந்தால் உடனே வாய்விட்டு "இறக்கு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இருவரும் சேர்ந்து தரைக்கு இறக்குவார்கள். சொல்லாமல் கையை எடுப்பதுதான் அந்தத் தொழிலில் பெரும்பாவம். எதிர்முனையில் இருப்பவருக்குக் கை போகும், கால் போகும், சமயத்தில் ஆளே போவார். 'இதோ' அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறான், அதுவும் ஒரு தடவை அல்ல. துணிக்கடை முகப்பில் விட்டான். பள்ளிக்கூட மாடிப்படியில் விட்டான். அக்காவின் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதே, அது மாடிப்படியில் வாங்கியது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் அவன் கூடிய ஆட்களிடம் சொல்வான், "அக்கா கை நழுவிடுச்சு" என்று. கூட்டம் போனதும் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நிற்பான். "தப்புதான்கா. பயத்துல வாய்ல வந்துடுச்சு." அவளும் "சரி, போ" என்பாள். கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவன் உடைந்த கண்ணாடியை முழுசாக அக்காவின் கைக்குள் மறைத்தான். கடைசியில் அவளுக்குக் கை நடுங்குகிறது என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. தம்பியைக் கடையை விட்டுத் துரத்தினாள். பேச்சைத் துரத்த முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் ஆலயத்து ஜன்னல் வந்து சேர்ந்தது.

பிரசங்க மேடைக்குப் பின்சுவரில், ஆள் உயரத்தைத் தாண்டிய ஜன்னல். அதில் ஒரே கண்ணாடி. அக்காவும் தம்பியும் சேர்ந்து பொருத்தியதுதான். கீழ்மூலையில் தொடங்கிய விரிசல் ஒரு கோடையில் நடுவரை ஓடிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் பலகை அடித்தார்கள். அன்றிலிருந்து பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஆராதனை. வெளியூர்க் கம்பெனியைக் கூப்பிடலாம் என்றார் சபைச் செயலாளர். "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா கை..." என்று இழுத்தார். போதகர் ஒற்றைக்காலில் நின்று அந்த வேலையை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, இந்த ஞாயிற்றுக்குள் கண்ணாடி ஏறிவிட வேண்டும். தவறினால் வெளியூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அவள் ஜெபம் பண்ணுகிற ஆலயத்திலேயே அவள் கையை நம்பவில்லை என்றால், பிறகு யார் ஒரு கைக்கண்ணாடியையாவது அவளிடம் கொடுப்பார்கள்? கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கண்ணாடி வந்து கடையில் சாய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்து, அவளோடு தூக்குகிற நெட்டையனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பிப் படுக்கவே அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது.

"பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் கடை வாசலில் 'இதோ' நிற்கிறான். கூப்பிடாமல் வந்திருந்தான்.

"நெட்டையனுக்கு முடியலைன்னு சொன்னாங்க. நான் வரட்டுமாக்கா?"

அக்கா கண்ணாடி வெட்டுகிற மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு? இன்னொரு கையிலயும் கோடு போடவா?"

"தப்புதான்கா. மன்னிச்சிடு."

"எத்தனையாவது மன்னிச்சிடுடா இது? உனக்கென்ன, வாய்ல சும்மா கெடக்குது, எடுத்து எடுத்து வீசுற. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி என் முதுகுதான் வளைஞ்சு போச்சு. போடா."

அவன் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அக்கா உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வெளியேறி வேனில் ஏறினாள். "ஆலயத்துக்கு விடுங்க. சட்டத்தச் சுரண்டணும்."

ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற பள்ளத்தைக் காடி என்பார்கள். பழைய கண்ணாடியை ஒட்டிப் பிடித்திருந்த லப்பப் பசை அதில் கல்லாக இறுகிக் கிடக்கும். அதை ஒரு பொட்டு விடாமல் எடுத்த பிறகுதான் புதுக் கண்ணாடி வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் பழசின்மேலேயே புது லப்பத்தைப் பூசி மெழுகிவிடுவார்கள். பார்வைக்கு அம்சமாக இருக்கும். வெயில் ஏறி மரமும் கண்ணாடியும் அசையும்போது உள்ளே கிடக்கிற அந்த ஒரு பொட்டு போய் முட்டும். முட்டின இடத்தில் விரிசல் விடும்.

போதகர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அக்காவைவிட ரொம்பச் சின்னவர். தாடி வளர்த்துப் பார்த்தும் வயது ஏறவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அக்கா, சுரண்டிக்கொண்டே. "என் சகோதரன எத்தன தடவ மன்னிக்கணும், ஏழு தடவையான்னு பேதுரு இயேசுகிட்ட போய்க் கேட்டாரே. அப்ப அவரு கூடப்பொறந்த அந்திரேயா எங்க இருந்தாரு?"

போதகர் யோசித்தார். "பக்கத்துலதான் இருந்திருப்பாரு. அவரும் சீஷர்தானே."

"பாத்தீங்களா! கூடப்பொறந்தவன பக்கத்துல வச்சுக்கிட்டே கேட்டிருக்காரு. மனுஷன் எவ்வளவு நொந்துபோயிருந்தா அப்படிக் கேட்டிருப்பாரு! கேள்வி எனக்கு நல்லாப் புரியுது. பதில்தான் புரியல. ஏழெழுபது தரமாம். என் தம்பி அதெல்லாம் எப்பவோ தாண்டிட்டான்."

போதகர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு உடனே வெட்கப்பட்டார். "அக்கா, இதுக்கு என்கிட்ட ஒரு பிரசங்கமே இருக்கு. நல்லாவும் இருக்கும். ஆனா என் மச்சான் என் பைக்க எடுத்துட்டுப் போயி திரும்பவும் இடிச்சிட்டு வந்து நின்னப்ப, அந்தப் பிரசங்கம் எனக்கே வேலை செய்யல."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஜெபம் பண்ணி, மச்சான மன்னிச்சேன். சாவிய ஒளிச்சு வச்சேன். ஒளிச்சு வச்சது பாவமான்னு இன்னும் தெரியல."

"பாவமே இல்ல" என்று அக்கா பட்டென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அட, மன்னிப்பது ஒன்று, சாவியைக் கொடுப்பது வேறொன்று! இத்தனை காலமும் அவள் தலைகீழாக அல்லவா செய்திருக்கிறாள்? வாய் "சரி, போ" என்று சொல்லும். மறுநாளே அதே முனையை அவனிடம் கொடுத்துவிடுவாள். உள்ளே கோபம் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். மன்னிப்பு ஒரு பொட்டுகூட நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இடது கீழ்மூலையில் உளி இடறியது.

தட்டி எடுத்தாள். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டி. அடியில் கருத்துப்போன ஆதிகாலத்து லப்பம், சுரண்டாமல் விட்டது. அதன்மேல் பூசிய லப்பத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பின் தடம். சின்ன வயதில் கண்ணாடி வெட்டும் கருவியை வைத்து விளையாடி அவன் வாங்கிய வெட்டு அது. துணி கட்டிவிட்டவளே அவள்தான்.

விரிசல் தொடங்கிய மூலை இது. போன தடவை இந்த மூலை தம்பியின் பங்கு.

"இன்னொண்ணு!" என்று அக்கா ஏணியின் மேலிருந்து கத்தியதில் போதகர் நடுங்கிப்போனார். "மன்னிக்கலாமான்னு யோசிக்கிற நேரத்துல இன்னொண்ணு! ஆண்டவரே, உமக்கு இது விளையாட்டா இருக்கா?"

"ஏணி ஆடுதுக்கா" என்றார் போதகர்.

அந்தக் கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து வேலைச் சட்டைப் பைக்குள் போட்டாள். நாளைக்குச் செயலாளர் வருவார், கமிட்டி முழுக்க வரும். எடுத்து நீட்டினால் போதும். யார் கை என்று அந்த ரேகையே சொல்லிவிடும். இழந்த பெயர் ஒரே நொடியில் திரும்பி வந்துவிடும். மீதி மூலைகளையும் சுரண்டி முடித்து விரலை ஓட்டிப் பார்த்தாள். காடி முழுக்க வழுவழுவென்று இருந்தது. கீழே இறங்கும்போது பைக்குள் இருந்த கட்டி மட்டும் இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது.

தூக்க வேறு ஆளுக்கு எங்கே போவது? வழியிலேயே தம்பிக்குப் போன் செய்தாள். "டேய், காலைல எட்டு மணிக்கு ஆலயத்துக்கு வா."

"இதோ..."

"இதோன்னு சொன்னே, பல்லு இருக்காது. எட்டு மணி."

மறுநாள் வேன் போய் நின்றபோது அவன் ஆலயப் படியில் உட்கார்ந்திருந்தான். கணவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

அக்கா நேராக அவன் முன்னால் போய் நின்றாள். முந்தின நாள் முழுக்க அவனுக்காகக் காரமாக நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "மன்னிச்சிட்டேன். போனதுக்கெல்லாம் சேத்து. நீ கேக்காததுக்கும் சேத்து."

தம்பியின் உதடு கோணியது.

"அழாத, கண்ணு மறைக்கும். இப்ப அடுத்ததக் கேளு. முன் முனை உனக்குக் கெடையாது. அது என்னோடது. நீ பின்னால பிடிப்ப. பிடி தளந்தா வாயத் திறந்து சொல்லுவ."

"சொன்னா நீ கத்துவியேக்கா."

"கத்துவேன்தான். கத்தினா உனக்குக் காது வலிக்கும். சொல்லாம விட்டா எனக்குக் கை போகும். எது பரவால்ல?"

"காது" என்றான் தம்பி.

அதோடு அவள் விட்டுவிடவில்லை. கண்ணாடியின் அடியில் அகலமான பட்டைவார் ஒன்றைக் கொடுத்து, அதன் ஒரு நுனியைக் கணவர் கையிலும் மறு நுனியைப் போதகர் கையிலும் கொடுத்தாள். மன்னிப்பு மன்னிப்புதான், வார் வார்தான்.

தூக்கினார்கள். அக்கா முன்னால், பின்பக்கமாக நடந்தாள். பெஞ்சுகளில் செயலாளரும் கமிட்டிக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவழி தாண்டியது. மேடைப் படி வந்தது. முதல் படியில் அக்கா குதிகாலால் தடவி ஏறினாள். இரண்டாவது படியில் கண்ணாடியின் ஊடாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். உதடு வெளுத்து, கண் இரண்டும் தப்பிக்க வழி தேடுகிற முகம். பள்ளிக்கூட மாடிப்படியில் பார்த்தது. முழங்கைத் தழும்பு சுரீரென்றது. முதலில் நீ விட்டுவிடு, ஒதுங்கிவிடு என்று அவள் உடம்பு முழுக்கக் கூவியது. அவள் விடவில்லை.

"சொல்லுடா" என்றாள் மெதுவாக. வாழ்நாளில் அவனிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"அக்கா, இறக்கு!"

கூரை அதிர்ந்தது. நாலு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். கண்ணாடி மேடைக் கம்பளத்தில் உட்கார்ந்து, நீளமாக ஒரு ரீங்காரம் விட்டு, அடங்கியது. ஒரு கீறல் இல்லை.

செயலாளர் எழுந்தே விட்டார். "என்னம்மா, கை நடுங்கிடுச்சா?"

அக்காவின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. முடிச்சு விரலில் பட்டது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கமிட்டி முழுக்க இருக்கிறது, கேள்வியை அவர்களே கேட்டாயிற்று. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, வேர்த்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். காலையில் இவனிடம் மன்னிச்சிட்டேன் என்று சொன்னோம். இதை இப்போது எடுத்து நீட்டினால், அந்தச் சொல் பழைய லப்பத்தின்மேல் பூசின புது லப்பம்தானே? அடுத்த வெயிலுக்குத் தாங்குமா?

அவள் முடிச்சை அவிழ்த்தாள். சுரண்டிய தூள் கிடந்த சாக்குக்குள் அந்தக் கட்டியைப் போட்டாள்.

"நடுங்கலைங்க. மூச்சு வாங்கிக்கிறோம்" என்றாள். "டேய், கையத் துடைச்சிட்டியா? பிடி."

இந்த முறை ஒரே தூக்கு. கண்ணாடி காடிக்குள் பதமாக உட்கார்ந்தது. அக்கா மூன்று பக்கமும் லப்பம் பூசி வந்து, இடது கீழ்மூலைக்கு வந்ததும் உருண்டையைத் தம்பியிடம் நீட்டினாள். "நீ பூசு. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்." உருண்டையை வாங்கிக்கொண்டு மூலைக்குக் குனிந்தவன், கீழே வாய் திறந்து கிடந்த சாக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். தன் கட்டைவிரலைப் பார்த்தான். சாக்குக்குள் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"இத நீ எப்பக்கா எடுத்த?"

"நேத்து."

"ஏன் காட்டல?"

"பூசுடா, காய்ஞ்சிடும்."

அவன் பூசவில்லை. கமிட்டியைப் பார்த்துத் திரும்பினான். பேச்சு அடைப்பு எடுத்த குழாய் மாதிரி கொட்டியது. "அக்கா கை நடுங்கல ஐயா. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. துணிக்கடையில விட்டது நான். பள்ளிக்கூடத்துல விட்டது நான். இந்த ஜன்னல் விரிஞ்சதும் நான் சுரண்டாம விட்ட மூலையிலதான். அவ கை மாதிரி ஒரு கை இந்தத் தொழில்ல கெடையாது."

செயலாளர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே ஓடினார். வெளிப்பக்கப் பலகையின் ஆணிகளை அவர் நெம்பும் சத்தம் கேட்டது. பலகை சாய்ந்தது. காலை வெயில் மொத்தமாக உள்ளே விழுந்து, மேடை, பெஞ்சு, செயலாளரின் வழுக்கைத் தலை எல்லாவற்றையும் நிரப்பியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் நீங்கள் அவள் தம்பியை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு அவன் பிந்தித்தான் வந்தான். ஜன்னல் பளபளத்தது, விளக்குகள் அணைந்திருந்தன, சபை ஜெபத்துக்கு எழுந்துகொண்டிருந்தது. கதவோரத்தில், தன்னைப்போலவே பிந்தி வந்த இன்னொருவரிடம் அவன் பேசுவது கடைசி பெஞ்சில் நின்ற அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மொத்தத்தையும் நான்தான் தூக்கினேன். அக்கா சும்மா ஒரு ஓரமா கை வச்சிட்டிருந்தா."

அடப்பாவி! நேற்று விழுந்த கண்ணீர் காய்ந்திருக்குமா? அக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஆகாரம் கேட்கிற இடமும் வந்துவிட்டது. தொண்டையில் அந்தப் பழைய அடைப்பு எழுந்தது. பக்கத்தில் தாள் பிரிகிற சத்தம். கணவரின் உள்ளங்கையில் மிட்டாய் தயாராக வந்து நின்றது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இடது கீழ்மூலையில் கோடு நேராக, சுத்தமாக இருந்தது. பிறகு திரும்பி, கதவோரம் வாயைப் பிளந்தபடி நின்ற தம்பியை முழுசாகப் பார்த்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொன்னாள். தொண்டை கிழிய, ஒரு எழுத்து விடாமல், கண்ணாடி ரீங்கரிக்கச் சொன்னாள். சபை ஒரு நொடி பின்தங்கிப்போய், பிறகு ஓடி வந்து அவளோடு சேர்ந்துகொண்டது. தம்பி தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ திருத்திச் சொன்னான். அப்புறம் அவனும் வாயைத் திறந்து சொல்லத் தொடங்கினான்.

அக்காவின் அருகில் கடக்கென்று ஒரு சத்தம். கணவர் அந்த இருமல் மிட்டாயைத் தன் வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்.